பின்பக்கம் பார்த்த இருக்கை

பன்னிரண்டு வருஷம் அவள் போகிற திசையைப் பார்த்ததில்லை. படகு முன்னே போகும். அவள் பின்னே பார்த்து உட்கார்ந்திருப்பாள். வேலை அப்படி.

ஏரிக்கரைப் படகுக் கிளப்பில், நீர்ச்சறுக்கு விளையாட வருகிறவர்களை இழுத்துக்கொண்டு ஓடும் வேகப்படகு ஒன்று இருந்தது. ஓட்டியது அவள் புருஷன். படகுக்குப் பின்னால் நீளமான கயிறு, கயிற்றின் முனையில் ஒரு கைப்பிடி, அதைப் பிடித்தபடி காலில் மாட்டிய இரண்டு பலகைகளின் மேல் நின்று வரும் ஆள். ஓட்டுகிறவன் கண் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வருகிறவர்மேல் கண் வைக்க வேறொருவர் வேண்டும். அந்த வேறொருவர் அவள். சட்டத்தில் அந்த வேலைக்குப் 'பார்வையாளர்' என்று பெயர். டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி. கிளப்பில் அவளை ரிவர்ஸக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் புருஷனுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துப் பார்த்தார்கள். அவன் அதிகம் பேசாத ஆள். என்ன கேலி செய்தாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான். அதனால் எந்தப் பெயரும் அவன்மேல் ஒட்டவில்லை.

கரையிலிருந்து பார்த்தால் அவள் செய்வது வேலையாகவே தெரியாது. ஒருத்தி படகில் சாய்ந்து உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போவது போலிருக்கும். சறுக்குகிறவர் கட்டைவிரலை மேலே காட்டினால் வேகத்தைக் கூட்ட வேண்டும், கீழே காட்டினால் குறைக்க வேண்டும். தலையில் தட்டிக்கொண்டால் கரைக்குப் போக வேண்டும். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அத்தனையையும் இன்ஜின் இரைச்சலில் புருஷன் காதில் விழும்படி அவள் கத்திச் சொல்வாள். ஆள் விழுந்தால் 'விழுந்தாச்சு' என்று ஒரு குரல். அதே மூச்சில், தொடைக்கடியில் வைத்திருக்கும் ஆரஞ்சுக் கொடியை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துவிடுவாள். தண்ணீரில் ஆள் இருக்கிறது, யாரும் இந்தப் பக்கம் வராதே என்று மற்றப் படகுகளுக்கு அதுதான் பேச்சு. தண்ணீரில் மிதக்கிற ஒரு தலை, தூரத்திலிருந்து பார்த்தால் பந்து அளவுகூட இருக்காது. அலை எழும்பினால் அதுவும் தெரியாது. கொடி மட்டும் தெரியும்.

படகில் ஏறுவதற்கு முன்பும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், இரண்டு தோளையும் பிடித்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பாள். சட்டை காது வரை ஏறினால் பெல்ட்டை இறுக்குவாள். மூச்சு முட்டுகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

"தண்ணிக்குள்ள முட்டுறதுக்கு இங்கயே முட்டட்டும்" என்று இன்னும் ஒரு இழுப்பு இழுப்பாள்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பிடிக்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று பார்க்க மாட்டாள், திட்டிவிடுவாள். மதியத்துக்கு மேல் மேற்குக் காற்று எழும்பி ஏரியில் வெள்ளை நுரை கிளம்பினால், வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் அவள் கொடியைச் சுருட்டிவிடுவாள். அவ்வளவுதான், அன்றைய சறுக்கு முடிந்தது. பழைய மேனேஜர் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்து ஓய்ந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவர்களில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ள வந்தவர். ஆறு மாதம் வெறுமனே விழுந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை விழுந்ததும் மூக்கிலிருந்து தண்ணீர் வழிய, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, எனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவார். ரிவர்ஸக்கா கொடியை ஆட்டி, பார்த்துவிட்டேன் என்று காட்டுவாள். கரைக்கு வந்ததும் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இத்தனை தடவை விழுகிறீர்களே, பயமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் விழுறதைப் பார்க்க ஒரு ஆள் இருக்குல்லக்கா. அந்தத் தைரியத்துலதான் விழுறேன்" என்றார் டீச்சர்.

புது மேனேஜர் வந்தது மழைக்காலம் முடிந்த கையோடு. அதற்கு முன் ஏதோ ஓட்டலில் இருந்தவர். படகையும் ஓட்டல் மேஜை மாதிரிதான் பார்த்தார். எத்தனை நாற்காலி, எத்தனையில் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று. வந்த ஒரு மாதத்தில் வேகப்படகின் முன்கண்ணாடிச் சட்டத்தில், முழங்கை நீளத்துக்கு ஒரு வளைந்த கண்ணாடியை மாட்ட வைத்தார். இனி ஓட்டுகிறவர் இதிலேயே பின்னால் பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பின்பக்க இருக்கையில் கஸ்டமரின் கூட வந்தவர்களை ஏற்றலாம், அவர்கள் உட்கார்ந்து போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ரிவர்ஸக்காவுக்குச் சட்டை துவைக்கும் கொட்டகையில் வேலை.

அவள் மேனேஜர் அறைக்கு நேராகப் போனாள். புருஷனும் கூடப் போனான், வாசலோடு நின்றான். வளைந்த கண்ணாடியில் பக்கத்தில் இருப்பதும் தூரமாகத் தெரியும், விழுந்த ஆள் தெரியவே மாட்டார், கொடியை யார் தூக்குவது, படகில் ரெண்டு பேர் இருக்கணும் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கிறதே என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"லாரி ஓட்டுறவன் பின்னாடி பார்க்க ஒரு ஆளை வச்சுக்கிட்டா ஓட்டுறான்?"

"லாரிக்குப் பின்னாடி யாரும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றதில்லையே சார்."

மேனேஜரின் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அவர் அவளைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். கண்ணாடி சரியாகத் தெரிகிறதா இல்லையா என்று அவள் புருஷனிடம் கேட்டார். அவன் கையிலிருந்த துணியை இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான். தெரியுது சார் என்றான்.

அவர்கள் குடியிருந்தது டயர்க் கடை மாடியில். இரண்டு அறை, ஒரு சின்னச் சமையலிடம். கீழே பஞ்சர் ஒட்டுகிற பசை வாசனை படியேறி வந்து துணிமணியிலெல்லாம் உட்கார்ந்திருக்கும். கூட இருந்தது புருஷனின் அக்கா. பேக்கரியில் மாவு பிசைகிற வேலை அவளுக்கு. விடிவதற்குள் போய்விட்டு, மதியம் முழங்கை வரை மாவோடும், பையில் விற்காத பன்களோடும் வருவாள். அப்பா அம்மா இல்லாமல் தம்பியை வளர்த்தவள். அவனுக்கு ஏதாவது என்றால் ஊரையே ஒரு பக்கம் நிறுத்திவிட்டு அவன் பக்கம் போய் நிற்பாள்.

அன்று சாயங்காலம் ரிவர்ஸக்கா தட்டை எடுத்து வைத்த சத்தத்திலேயே நாத்தனாருக்கு விஷயம் புரிந்தது. எதுவும் கேட்காமல் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமா அந்தக் கண்ணாடியில உங்களுக்குத் தெரியுதா?" என்று புருஷனைக் கேட்டாள் அவள்.

"ஓரளவு தெரியுது."

"ஓரளவுன்னா? ஆள் தெரியுதா, தண்ணி தெரியுதா?"

அவன் தட்டைப் பார்த்தான். "என்ன சொல்லச் சொல்ற? முடியாதுன்னா வேற ஆளை வச்சு ஓட்டிக்கிறேன்னு சொல்லிடுவாரு. உன்னையாவது வீட்டுக்கு அனுப்பாம வச்சிருக்காரேன்னு இருக்கேன்."

"எனக்கு வேலை குடுத்திருக்காருங்கறீங்க. என் வேலையை யாருக்குக் குடுத்திருக்காரு? கண்ணாடிக்கு. அது கத்துமா? கொடி பிடிக்குமா?"

தம்பி சாப்பிடட்டும், விடும்மா என்றாள் நாத்தனார். அவன் சாப்பிட்டான். அந்தச் சாப்பாட்டை அவளால் மறக்க முடியவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கோபத்தில் சாப்பிடாமல் எழுந்து போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்குமாம். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாம்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் பார்த்தாயா என்பது போல அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவள் கொட்டகையில் சட்டைகளை அலசினாள், தொட்டியில் அமுக்கி மிதக்கிறதா என்று பார்த்தாள், நாள்பட்டு உள்ளே நொறுங்கிப்போனவற்றைத் தனியாக ஒதுக்கினாள். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு எண் உண்டு. எந்த எண்ணை எத்தனை மணிக்குப் பார்த்தாள், பெல்ட் எப்படி, தையல் எப்படி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. கையும் கண்ணும் சும்மா இருந்து பழகவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது ஞாயிறு நல்ல வெயில். ஏரி முழுக்கக் கூட்டம். மிதிபடகு, துடுப்புப் படகு, உல்லாசப் படகு எல்லாம் தண்ணீரில் இருந்தன. டீச்சர் வந்ததும் நேராகக் கொட்டகைக்கு வந்து தோளைக் காட்டினார். ரிவர்ஸக்கா தூக்கிப் பார்த்து பெல்ட்டை இறுக்கி அனுப்பினாள். இன்றைக்குப் படகில் நீங்கள் வரவில்லையா என்று டீச்சர் கேட்கவில்லை. மூன்று வாரமாக வெளியூர் போயிருந்தவர். படகில் போய் உட்கார்ந்திருப்பாள் என்றே நினைத்துக்கொண்டு போனார். சொல்லியிருக்கலாமே என்று அவள் பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கையில் சோப்பு நுரை, தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதை நிறுத்தத் திரும்பிவிட்டாள்.

கொட்டகைக்குப் பின்பக்கம் தகரம் அடித்திருந்தது, ஏரி தெரியாது. ஆனால் சத்தம் வரும். புருஷன் ஓட்டுகிற படகின் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆள் விழுந்தால் இன்ஜின் சட்டென்று இறங்கும், படகு வட்டமடித்துத் திரும்பும். அன்று அந்தச் சத்தம் இறங்காமல் போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கு டீச்சர் நன்றாக நிற்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அப்போது இன்னொரு படகின் இன்ஜின் ஒரு அடைப்புச் சத்தத்தோடு நின்றது. பிறகு பெண்கள் கூச்சல்.

நடந்தது இவ்வளவுதான். டீச்சர் திருப்பத்தில் விழுந்தார். அதே நேரம் ஒரு குடும்பம் மிதிபடகை மிதித்துக்கொண்டு சறுக்குப் பாதைக்குள் வந்துவிட்டது. ஓட்டுகிறவன் அதைப் பார்த்தான், ஒடித்தான், தப்பித்தோம் என்று மூச்சு விட்டான், அதன் பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் வெறும் கைப்பிடி தண்ணீர்மேல் துள்ளிக்கொண்டு வந்தது. எங்கே விழுந்தார், எப்போது விழுந்தார் என்று அவனுக்குத் தெரியவில்லை. பின்பக்க இருக்கை காலியாக இருந்தது. அன்று அதில் உட்கார ஒரு கஸ்டமர்கூட இல்லை. யாரும் உட்காராத இருக்கைக்காகத்தான் அவளை இறக்கிவிட்டிருந்தார்கள்.

உல்லாசப் படகை ஓட்டி வந்தவனைப் பீப்பாய் என்பார்கள். உருண்டையான ஆள், பதினைந்து வருஷமாக ஓட்டுகிறவன். எங்கேயும் கொடி இல்லை. பாதை காலி என்று குறுக்கே வந்தான். தண்ணீரிலிருந்து உயர்ந்த இரண்டு கைகளைக் கடைசி நொடியில்தான் பார்த்தான். ஒடித்தான். முன்பக்கம் விலகியது, பின்பக்கம் விலகவில்லை. இன்ஜின் விசிறி டீச்சரின் இடதுகாலைப் பிடித்துவிட்டது.

அவள் புருஷன்தான் தண்ணீரில் குதித்து டீச்சரைப் பிடித்தான். தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினான். உயிர் தங்கியது அதனால்தான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே காலைக் காப்பாற்ற முடியவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் டயர்க் கடை மாடிப்படி ஏறி வந்தார், ஒரு கூடைப் பழத்தோடு. அந்த வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. புருஷன் மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மேனேஜர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். விசாரணைக்கு அதிகாரி வருகிறாராம். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரே மாதிரி பேசிக்கொள்வது நல்லதாம். தாளில் எழுதியிருந்ததை அவரே விளக்கினார். சம்பவத்தன்று பார்வையாளர் படகில்தான் இருந்தாள். டீச்சர் சைகை எதுவும் காட்டாமல் தானாகக் கைப்பிடியை விட்டுவிட்டுப் பாதைக்கு வெளியே நீந்திப் போனார். இவள் கொடியைத் தூக்கினாள். பீப்பாய் கொடியைப் பார்க்காமல் வந்து மோதினான். கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி.

போட்டால் அவள் புருஷன் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது, அவளுக்கும் பழைய இடம் திரும்பக் கிடைக்கும் என்றார். போடாவிட்டால் ஆள் இல்லாமல் தனியாக ஓட்டியது அவன் குற்றம், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. யோசித்துச் சொல்லுங்கள் என்று படி இறங்கினார். பழக்கூடையை மறக்காமல் வைத்துவிட்டுத்தான் போனார்.

அவள் தாளை மறுபடி முழுக்கப் படித்தாள். ஒரு பக்கத் தாளில் ஒரு வரிகூட உண்மையில்லை. தேதி மட்டும் சரியாக இருந்தது.

"போட்டுடும்மா" என்றாள் நாத்தனார். "ஒரு கையெழுத்துதானே. போன காலு திரும்பி வரப்போகுதா?"

"அண்ணி, இதுல பீப்பாய் கண்ணில்லாம வந்தான்னு எழுதியிருக்கு. அவன் வீட்டுலயும் ஒரு அக்கா இருப்பாங்கல்ல?"

நாத்தனார் மனசு இளகவில்லை. தம்பியைப் பார், மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, இன்னும் என்ன ஆகணும் என்று முணுமுணுத்தாள். அவன் இரண்டு பேரையும் பார்க்காமல், உன் இஷ்டம் என்று மட்டும் சொன்னான். அதைக் கேட்டதும் அவளுக்கு மேனேஜர்மேல் வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் வந்தது. கண்ணாடியை மாட்டும்போது இவள் இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை. இப்போது பொய் சொல்ல மட்டும் இவள் இஷ்டம் வேண்டியிருக்கிறது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய் டயர்க் கடை வாசலில் வைத்துவிட்டு, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அப்படியே மருத்துவமனைக்குப் போனாள்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது. அவள் அங்கே பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. டீச்சர் அழவில்லை, திட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்பது போலக் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க படகுல இல்லையாக்கா?"

"இல்ல டீச்சர்."

"நான் விழுந்ததும் எப்பவும் போல ரெண்டு கையையும் தூக்கினேன். கொடி வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். தள்ளி நீந்தலாம்னுகூடத் தோணல. மூக்குக்கண்ணாடி இல்லாம எனக்கு அந்தத் தூரத்துல கொடிதான் தெரியும், ஆள் தெரியாது. நீங்க பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி, கொட்டகை, தொட்டியில் வழிந்த தண்ணீர் எல்லாவற்றையும் அப்புறம்தான் சொன்னாள். டீச்சர் முழுக்கக் கேட்டார். உங்களை எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லையே, தெரிந்திருந்தால் தண்ணீரில் இறங்கியே இருக்க மாட்டேனே என்றார். சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

விசாரணை கிளப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேஜைகளைச் சுவரோரம் தள்ளி ஒன்றை மட்டும் நடுவில் போட்டிருந்தார்கள். படகு லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். மேனேஜர் முதலில் பேசிவிட்டு, அன்றைய வேலைப் பட்டியலை எடுத்து வைத்தார். அதில் வேகப்படகுக்கு நேராக அவள் புருஷன் பெயரும் அவள் பெயரும் இருந்தன.

அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி மாட்டியதிலிருந்து தன்னைக் கொட்டகைக்கு அனுப்பியது வரை சொல்லி, நான் படகில் இல்லை என்றாள். பட்டியலில் இருக்கிறதே என்றார் அதிகாரி. அவள் பையிலிருந்து சட்டை நோட்டை எடுத்து வைத்தாள். அந்த ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை முப்பத்தெட்டுச் சட்டைகள். எண், நேரம், பெல்ட், தையல். கடைசியாக எழுதிய வரியில் மை கலைந்து தண்ணீர் பட்டிருந்தது. கூச்சல் கேட்டு ஈரக்கையோடு நோட்டைத் தள்ளிவிட்டு ஓடியது அது. எழுதி வைத்தால் ஆயிற்றா, எப்போது வேண்டுமானாலும் எழுதலாமே என்றார் மேனேஜர். அதிகாரி ஏழெட்டுப் பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்தார். பிறகு அவள் புருஷனைப் பார்த்தார்.

"இவங்க படகுல இருந்தாங்களா, இல்லையா? நீங்க சொல்லுங்க."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவன் எழுந்து நின்றான். மடிக்கக் கையில் துணி இல்லை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லை சார். நான் தனியாத்தான் ஓட்டினேன். மூணு வாரமாத் தனியாத்தான் ஓட்டினேன். தனியா ஓட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே சார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்து, அவள் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். படகில் பார்வையாளர் இருக்கவில்லை. ஓட்டுநர் பின்புறக் கண்ணாடியைக் கவனிக்கத் தவறினார். அதன் காரணமாக விபத்து ஏற்பட்டது. சரியென்றால் கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவைத் திருப்பி நீட்டினார்.

"நான் சொன்னதுல பாதிதான் இருக்கு சார். அந்தக் கண்ணாடி அங்க எப்படி வந்துச்சுன்னு இல்லையே."

அது இந்த விசாரணைக்குள் வராது, விபத்து எப்படி நடந்தது என்பது மட்டும்தான் தன் வேலை என்றார் அதிகாரி. விபத்து அந்தக் கண்ணாடியிலிருந்துதான் நடந்தது என்றாள் அவள். மேனேஜர் எழுந்து, இந்த அம்மாவுக்கு வேலையை மாற்றியதில் வருத்தம், அதை வைத்துப் பேசுகிறாள் என்றார்.

"ஆமா, வருத்தந்தான்" என்றாள். "என் வேலை டீச்சரோட காலைப் பார்த்துக்கிறது. அதை எடுத்துட்டீங்க. வருத்தம் இருக்காதா?"

எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டு மேஜைக்கு முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி மற்றவர்களை விசாரிக்க வேண்டும், எழுந்திருங்கள் என்றார். அவர்களை நிற்க வைத்துக் கேளுங்கள், நான் இங்கேதான் இருப்பேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதிகாரி பீப்பாயைக் கூப்பிட்டார். அவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே பதில் சொன்னான். கொடி இருந்ததா என்றதற்கு, இருந்திருந்தால் நான் ஏன் சார் அந்தப் பக்கம் போகிறேன் என்று கேட்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதான். முடிந்ததும் போகாமல் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

மதியமாயிற்று. மேற்குக் காற்று எழும்பிக் கூடத்தின் ஜன்னல் கதவுகளை அடித்தது. மேனேஜர் வெளியே போய் முதலாளிக்குப் போன் பேசிவிட்டு வந்தார், முகம் சிவந்திருந்தது. அவள் புருஷன் எழுந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மாவு காயாத கையோடு நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். யார் என்று கேட்டவரிடம், அவ அண்ணி என்று அவளைக் காட்டினாள், தம்பியைக் காட்டவில்லை. பையிலிருந்த பன்களை எடுத்து அவளுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, பீப்பாய்க்கு ஒன்று கொடுத்தாள். யோசித்துவிட்டு அதிகாரி மேஜையிலும் ஒன்று வைத்தாள். மேனேஜரைத் தாண்டிப் போனாள், அவருக்குக் கொடுக்கவில்லை.

அதிகாரி பன்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எடுத்து வைத்த தாளை மறுபடி முன்னால் இழுத்து இரண்டு வரி சேர்த்தார்.

"சரிம்மா, கேளுங்க. 'சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பு பார்வையாளர் படகிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாகக் கண்ணாடி பொருத்தப்பட்டது.' போதுமா?"

அவள் அந்த வரிகளை விரல் வைத்துப் படித்தாள்.

"பொருத்தப்பட்டதுன்னா என்ன சார்? தானா வந்து ஒட்டிக்கிச்சா?"

"எழுதுறது அப்படித்தாம்மா. எல்லா ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதுவோம்."

"என் புருஷன் செஞ்சதை அப்படி எழுதலையே. 'ஓட்டுநர் தவறினார்'னு ஆளோட எழுதியிருக்கீங்க. அவர் தப்புக்கு ஆள் இருக்கு. இவர் தப்புக்கு மட்டும் ஆள் இல்லையா? நீக்கினது யாரு, பொருத்தச் சொன்னது யாருன்னு எழுதுங்க. நான் வேணாம்னு சொல்லியும் பொருத்தினாருன்னு எழுதுங்க."

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி அவர் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி உட்கார வைத்தார். எழுதியதன்மேல் ஒரு கோடு கிழித்தார். 'கிளப் மேலாளர் பார்வையாளரைப் படகிலிருந்து நீக்கினார். பார்வையாளர் ஆபத்தைச் சுட்டிக்காட்டிய பின்பும், உரிம விதிக்கு மாறாக, அவருக்குப் பதில் கண்ணாடியைப் பொருத்தினார்' என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். அவள் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

அந்த வரிகள் போதுமானவை என்று பிறகு தெரிந்தது. டீச்சரின் வழக்கில் வக்கீல் அவற்றைத்தான் பிடித்துக்கொண்டார். கிளப்பை நான்கு மாதம் மூடிவைத்தார்கள். திறந்தபோது வேகப்படகில் கண்ணாடி இல்லை, பின்பக்க இருக்கையில் ஆள் இருந்தது. மேனேஜர் போய்விட்டார், முதலாளியின் வேறொரு இடத்தில் இன்னும் பெரிய நாற்காலியில் இருப்பதாகக் கேள்வி. அதைக் கேட்டால் இன்றைக்கும் யாருக்கும் வயிறு எரியும். அவள் புருஷனின் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போயிற்று. அவன் மேல்முறையீடு செய்யவில்லை. அந்த ஒரு வருஷமும் கீழே டயர்க் கடையில் சக்கரம் கழற்றினான்.

அன்று விசாரணை முடிந்து மூன்று பேரும் ஏரிக்கரைச் சாலையில் நடந்து வந்தார்கள். நாத்தனார் காலிப் பையை மடித்து இடுக்கிக்கொண்டு முன்னால் போனாள். காற்று எதிர்த்து வீசியது. பாதி வழியில் அவன் நின்றான்.

"அன்னைக்கு அவர் ரூம்ல வச்சே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றான்.

விடுங்க, இன்றைக்குச் சொல்லிவிட்டீர்களே என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றான். அவளுக்கும் அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பாதியில் தட்டையாகிப்போன அந்தப் போர்வை கண்ணைவிட்டுப் போகவில்லை.

"ஆமா" என்றாள். "சொல்லியிருக்கணும்."

அவன் தலையை ஆட்டினான். அவள் நாலடி போய், திரும்பி நின்று, அவன் வரும்வரை பார்த்திருந்து, பிறகு கூட நடந்தாள்.